வீட்டுக்குக் கேட்ட ஒரு வருஷம்

1

இன்று காலை நகராட்சியிலிருந்து வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன் சன்னலில் ஒட்டியிருந்த மஞ்சள் அனுமதி அட்டையின் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வெயில் பட்டுப் பட்டு அந்த அட்டை மஞ்சள் போய் மோர் நிறத்துக்கு வந்திருந்தது. என் மகன் செல்வம் அதைக் கிழியாமல் உரித்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். இனிமேல் இந்த வீட்டில் நாங்கள் சட்டப்படி சோறு பொங்கலாம், பாய் விரிக்கலாம், விளக்கேற்றலாம்.

"எம்மா, முடிஞ்சிருச்சும்மா" என்றான்.

"சரிய்யா" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. வராததால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திருத்தங்கல்காரி. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீடு என்றாலும் அடுப்படிப் பக்கம்தான் நிற்பேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது ஒரு வசதி. இப்போது நான் இருப்பது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில், மலைச்சரிவில் ஒரு சின்ன ஊர். மகன், மருமகள் கவிதா, பேத்தி நித்யா, நான். அவ்வளவுதான் குடும்பம்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. இங்கே வீடு கட்ட அனுமதி கொடுத்தால் கூடவே ஒரு கெடுவும் கொடுக்கிறார்கள். அதற்குள் கட்டி முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் நகராட்சி மன்றத்தில் போய் நின்று, ஏன் முடியவில்லை என்று காரணம் சொல்லி, அவகாசம் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்துவிட்டால் அனுமதி போச்சு. பாதி எழும்பிய வீட்டை வைத்துக்கொண்டு மறுபடி வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

போன வருஷம் தை மாதம் நாங்கள் அப்படிப் போய் நின்றோம்.

2

திருத்தங்கலில் எங்கள் வீடு கட்டி முடிந்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் அச்சாபீசில் காலண்டர் தாள் வெட்டுகிற மிஷினில் வேலை பார்த்தார். நான் கம்பெனி வேனில் ஏறி அச்சங்குளம் போய் வெடிக்குத் திரி வைத்துவிட்டு வருவேன். ஒரு தீபாவளி போனஸில் அஸ்திவாரம். அடுத்த தீபாவளிக்குச் சுவர் இடுப்பு உயரம். அதற்கடுத்த வருஷம் மழை அடித்து, சீசன் படுத்து, சுவர் இடுப்பு உயரத்திலேயே நின்றது; அதற்குள் கீரை போட்டு அதைத் தின்றோம். தளம் போட்ட வருஷம் வெளிப்பூச்சு இல்லை. வெளிப்பூச்சு இன்றைக்கும் இல்லை.

தளம் போட்ட அன்று கொத்தனார் தூண் கம்பிகளை மட்டமாக வெட்டப் போனார். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வெட்டாதீக மேஸ்திரி. ஆளுயரத்துக்கு விட்டுருங்க. என் மகன் மாடி எடுப்பான்."

செல்வம் அப்போது மூன்றாம் வகுப்பு. மொட்டை மாடியில் நாலு மூலையிலும் கொத்துக் கொத்தாகக் கம்பி நின்றது. துருப் பிடிக்காமல் இருக்கச் சிமெண்டுப் பால் பூசி, ஒவ்வொரு கம்பியின் தலையிலும் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். தெருவில் போகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன மாமா, வானத்துக்கு ஏணி வைக்கீகளா?"

"ஆமாலே. நீ ஏறிப் போயி மழைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

அந்த ஊரில் முக்கால்வாசி வீட்டில் கம்பி நிற்கும். பையன் படித்து முடிக்கணும், பெண்ணுக்கு முடிக்கணும், அப்புறம் மாடி எடுக்கணும் என்று. கம்பி நிற்கிற வீட்டை யாரும் பாதியில் விட்ட வீடு என்று சொன்னதில்லை. எப்போது முடிப்பீர்கள் என்று எந்த ஆபீசும் எங்களைக் கேட்டதில்லை. பட்டாவுக்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அவரோடு இரண்டு தடவை போயிருக்கிறேன். அங்கும் பேசியதெல்லாம் அவர்தான். நான் அவர் முதுகுக்குப் பின்னால் மனுவைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

செல்வம் படித்தான், அமெரிக்கா வந்தான். மாடி எடுக்க வருகிறேன் என்றான். அவன் அப்பா காத்திருந்தார். ஒரு ஐப்பசி மழையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். கம்பி அப்படியே நிற்கிறது.

3

அவர் போன பிறகு செல்வம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தான். இங்கே இடம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தான்.

"வீட்டுக்குப் பால் காய்ச்சுற வரைக்கும் இரும்மா. அப்புறம் ஊருக்குப் போயிரலாம்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். ஊர் வீட்டில் என் தங்கச்சி பேச்சி குடி வந்தாள். மகன் வெளியூரில், அவளும் தனியாள். மாடிக் கம்பிகளுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டாள், மோர் மிளகாய் காயப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "ஏக்கா, உன் வீட்டு மொட்டை மாடி அம்புட்டும் என் ராச்சியம்" என்பாள்.

இங்கே முதல் தடவை வீட்டைப் பார்க்கக் கூட்டிப் போனபோது திகைத்துவிட்டேன். செங்கல் இல்லை. சுவர் முழுக்க மரச் சட்டம், வரிசையாக.

"ஏய்யா, தீப்பெட்டி ஆபீசு ஊர்ல பெறந்தவள கொண்டாந்து குச்சி வீட்டுக்குள்ள படுக்க வைக்கப் போறியா?"

கவிதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் விருதுநகரில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண். கணக்கும் வாயும் கெட்டி. "நீங்க குச்சிய உரசாம இருந்தாப் போதும் அத்தை" என்றாள்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. இந்த நாட்டில் வங்கிகள் கவிழ்ந்து, வீட்டுக்கு வீடு வேலை போனது. செல்வத்துக்கும் போனது. கட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்ட ஆள் தன் லாரியையே விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார். கூரையும் சன்னலும் இருந்தன. உள்ளே சுவர்ப்பலகை இல்லை, தரை இல்லை. ஒரு பக்கம் நீலத் தார்ப்பாயைக் கட்டி மூடினோம். வேறு வேலை கிடைக்க ஒரு வருஷம் போனது. கிடைத்த பிறகும் ஆள் வைக்க வழியில்லை. சனி, ஞாயிறு செல்வமே போய்ப் பலகை அறைந்தான். பட்டன் தட்டிப் பிழைத்த கை. முதல் மாதம் கொப்புளம், அப்புறம் காய்ப்பு. அவன் அப்பா கையில் தாள் வெட்டி வெட்டி விழுந்திருந்த அதே இடத்தில் காய்ப்பு.

நாங்கள் பக்கத்திலேயே வாடகைக்கு இருந்தோம். நான் செல்வத்தோடு போய் ஆணி எடுத்துக் கொடுப்பேன், மரத்தூளைப் பெருக்குவேன். அடுத்த வீட்டில் ஹெலன் என்று என் வயசுப் பெண்மணி. வேலிக்கு அந்தப் பக்கம் ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டபடி தார்ப்பாயைப் பார்ப்பாள். காற்று அடித்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். நான் சிரிப்பேன். அவள் தலையை மட்டும் அசைப்பாள். எனக்கு அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. வந்த புதிதில் "குட் மார்னிங்" சொல்லப் பழகிவைத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் அதைச் சொல்லிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அதையும் விட்டுவிட்டேன்.

நித்யாவுக்கு ஒரு நாள் திருத்தங்கல் வீட்டுப் போட்டோவைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பத்தா, மேல என்ன? ஆன்டெனாவா?"

"இல்ல தாயி. அது மாடிக்கு விட்ட கம்பி. உங்க அப்பா வந்து கட்டுறதுக்கு."

"ஏன் கட்டல?"

"இங்கன கட்டிக்கிட்டு இருக்கான்ல."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு டிவி பக்கம் போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கம்பியைப் பார்த்தால் வீடு தெரிய வேண்டும் என்றால் அங்கே பிறந்திருக்க வேண்டும்.

4

அந்தத் தைக்கு முந்தின கார்த்திகையில் இரண்டு சங்கதி சேர்ந்து வந்தன.

ஒன்று, பேச்சியின் போன். அவள் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அம்மாவைத் தன்னோடு வரச்சொல்கிறான்.

"ஏக்கா, நீ சித்திரைக்குள்ள வாரதா இருந்தா சொல்லு, அவன் கால்ல விழுந்தாவது நான் இங்கனயே கெடக்கேன். இல்லன்னா வீட்டப் பூட்டிட்டுத்தான் போகணும். அப்படி எம்புட்டு நாளா என்னத்தத்தான் கட்டுறீக? கோயில் கோபுரமா?"

"முடியப் போகுது பேச்சி. இரு, சொல்லுறேன்."

நான் ஊருக்குப் போய்விட்டால் நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் இருந்துகொள்ளலாம். பூட்டிவிட்டால் அது வேறு. எங்கள் பக்கத்தில் ஆள் இருக்கும்போதே விளக்கு வைக்காத வீட்டைப் பார்த்தால் பேசுவார்கள். பூட்டின வீட்டுக்குக் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, மஞ்சள் அட்டையின் கெடு. எங்கள் வீட்டில் சிவகாசிக் காலண்டர்தான் தொங்கும், கவிதாவின் அம்மா வருஷா வருஷம் அனுப்பிவிடுவார். செல்வம் தாள்களைத் தூக்கிப் பார்த்தான். கெடு முடிகிற நாள் மார்கழிக் கடைசியில் விழுந்தது. அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான். தை மாதம் மன்றத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

கவிதாவின் அம்மாவுக்கு அதைச் சொன்னதும் விருதுநகரில் ஜோசியரிடம் ஓடிவிட்டார். கார்த்திகையில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது, அதை விட்டால் மாப்பிள்ளை ராசிக்கு வைகாசிதான் என்று வந்தது சேதி. அனுமதியே இல்லாமல் போய்விட்டால் பால் காய்ச்சாத வீடாக அல்லவா போகும்?

"முடியாத வீட்டுல எப்படித்தே பால் காய்ச்ச?" என்று செல்வம் மாமியாரிடம் போனில் கேட்டான்.

"கூர இருக்குல்ல மாப்ள? நெல வாசல் இருக்குல்ல? போதும். ஊர்ல எம்புட்டுப் பேரு பூசாத வீட்டுல காய்ச்சுறாக."

அது நிசம்தான். நாங்களே அப்படித்தான் காய்ச்சினோம்.

அடுத்த சண்டை நேரத்துக்கு. நல்ல நேரம் விடிகாலை நாலரையிலிருந்து ஆறு. எந்த ஊர் விடிகாலை? இங்கே விடிகிறபோது அங்கே இருட்டிவிடும். கவிதா இந்த ஊர்க் கணக்கு என்றாள். அவள் அம்மா ஒரே பிடி: "ஜோசியர் இங்கனதான இருக்காரு? நாள் குறிச்சது இங்கனதான? அப்ப இந்த நேரந்தான்." கடைசியில் விருதுநகரில் கோழி கூவுகிற நேரத்துக்கு இங்கே முந்தின நாள் மத்தியானம் மூன்றரை மணிக்கு, பள்ளிக்கூட பஸ் தெருவில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருக்க, நாங்கள் மஞ்சளும் மாவிலையுமாக உள்ளே நுழைந்தோம். மாவிலை கிடைக்கவில்லை, ஆரஞ்சு இலை. வெளியில் எடுத்துப் போகிற சின்ன கேஸ் அடுப்பில் பால் பொங்கியது. கிழக்கே பொங்கியது. போனுக்கு அந்தப் பக்கம் கவிதாவின் அம்மா குலவை போட்டார்.

5

இனி நடந்ததற்கு நான்தான் காரணம் என்று செல்வம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் அதை அப்படி நினைக்கவில்லை. எங்கள் வழக்கம் அது. பால் காய்ச்சின வீட்டை மூன்று நாள் இருட்டாக விடக் கூடாது, ஆள் இருக்க வேண்டும். செல்வமும் கவிதாவும் வேலைக்குப் போக வேண்டும். பகலுக்கு நான் இருக்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை மரச் சட்டங்களுக்கு நடுவே பாய் விரித்து, குத்துவிளக்கை ஏற்றி வைத்தேன். வெடிக் கம்பெனியில் இருந்த உடம்பு. மரத்துக்கு நடுவே சும்மா நெருப்பை வைத்துவிட்டு உட்கார முடியுமா? விளக்கை ஒரு தட்டு மணலில் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். குளித்துக் கட்டிய சேலை ஈரமாக இருந்தது, மாற்றிக்கொண்டு அதை மாடிப்படிச் சட்டத்தில் காயப்போட்டேன். சோற்றுப் பானையைக் கரண்டில் சொருகினேன்.

அன்றைக்கே பதினொரு மணி போல நகராட்சிக்காரர் வந்துவிட்டார். வயரிங் பார்க்க வருவார் என்று செல்வத்துக்கு எழுதியிருந்தார்களாம். வேலைச் சுமையில் அவன் மறந்துபோனான். உயரமான மனிதர், தலையில் தொப்பி. என்னைப் பார்த்ததும் கதவிலேயே நின்றார். வீட்டுக்கு வந்தவரை நிற்க வைக்கலாமா? பாயைக் காட்டினேன். டம்ளரில் பாலை ஊற்றி நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். சேலையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து கேமராவை எடுத்தார்.

புது வீட்டைப் படம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குப் போட்டோ என்றாலே கூச்சம். என்றாலும் நல்ல காரியம், சிரித்த முகமாக இருக்கட்டும் என்று சிரிக்கவும் செய்தேன்.

செல்வம் வந்து, அவர் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளைப் படித்துவிட்டு, சுவரில்லாத சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். வீடு முடிந்தது என்று கையெழுத்து ஆகாமல் உள்ளே யாரும் குடியிருக்கக் கூடாதாம். சமைக்கக் கூடாதாம். நெருப்பு கூடவே கூடாதாம். மன்றத்தில் இதையும் பேசுவார்களாம்.

"எம்மா, அவரு படம் எடுக்கும்போது நீ சிரிச்சியா?"

"ஆமாய்யா."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அது சிரிப்பாக இல்லை.

6

மன்றம் கூடுகிற இடம் பள்ளிக்கூட ஹால் மாதிரி இருந்தது. எல்லாருக்கும் நாற்காலி. மேடையில் ஐந்து பேர், நடுவில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா. கவிதா என் காதில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலில் ஹெலன் பேசினாள். மூன்று வருஷமாக இந்த வீடு இப்படியே நிற்கிறது, தார்ப்பாய் சத்தத்தில் தனக்குத் தூக்கம் இல்லை, எப்போதுதான் முடியும் என்று கேட்டாள். அவள் கோபமாகக் கூட இல்லை, சோர்ந்து போயிருந்தாள். அடுத்து தொப்பிக்காரர் எழுந்து திரையில் படம் போட்டார்.

சுவர் அளவுக்கு நான். விளக்கு, இரண்டு வாளி, பின்னால் என் ஈரச் சேலை, எல்லாவற்றுக்கும் நடுவே என் பல் தெரிந்த சிரிப்பு. அத்தனை பேரும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது.

செல்வம் ஒரு வருஷம் கேட்டிருந்தான். மேடையில் ஒருவர், இவர்கள் உள்ளே குடியிருக்கிற அளவுக்கு வீடு வந்துவிட்டதே, எதற்கு ஒரு வருஷம், நாலு மாதம் போதும் என்றார். நாலு மாதத்தில் முடியாவிட்டால் மேற்கொண்டு அவகாசம் கிடையாது, அனுமதி ரத்து. கவிதா இதைச் சொல்லும்போது அவள் விரல் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

நடுவில் இருந்த அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். செல்வம் திரும்பினான்.

"எம்மா, உன்னப் பேசச் சொல்றாங்க. நீ அந்த வீட்டுல குடியிருக்கியான்னு கேக்காங்க. நீ தமிழ்ல சொல்லு, நான் சொல்றேன்."

சூலக்கரையில் முன்னால் நிற்க அவர் முதுகு இருந்தது. இங்கே எழுந்து நின்றேன்.

"பால் காய்ச்சினோம். காய்ச்சின வீட்ட இருட்டா விட மாட்டோம். அதான் பகல்ல உக்காந்திருந்தேன். குடியிருக்கல. என் வீடு திருத்தங்கல்ல இருக்கு."

செல்வம் சொன்னான். கடைசி வாக்கியத்தையும் சொன்னானா என்று தெரியவில்லை. அந்த அம்மா வாளிகளைக் காட்டி ஏதோ கேட்டார். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று செல்வம் பதில் சொன்னதும் ஹாலில் சிரிப்பு ஓடியது. கெட்ட சிரிப்பு இல்லை. தொப்பிக்காரர்கூடச் சிரித்தார். பிறகு அந்த அம்மா முன்னால் குனிந்து, மெதுவாக ஒன்று கேட்டார்.

செல்வம் உடனே திரும்பவில்லை. திரும்பியபோது என் கண்ணைப் பார்க்கவில்லை.

"வீட்ல பெரியவங்க நீங்க. நாலு மாசம் போதுமான்னு உன்னக் கேக்காங்கம்மா."

நாலு மாதம் என்றால் சித்திரைக்கு வந்துவிடும். பேச்சி இருப்பாள். வீடு திறந்திருக்கும். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் தப்பினாலும் வெயில் காலத்துக்கு மொட்டை மாடியில் படுத்துக் கிடக்கலாம். "போதும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்று. செல்வம் அதை மாற்றிச் சொல்ல மாட்டான், அப்படி வளர்க்கவில்லை. அவனும் என்னைத் தடுக்கவில்லை. கையை மேசைமேல் வைத்து நின்றான். காய்ப்பு விழுந்த கை. சனி ஞாயிறு மட்டும் வேலை பார்க்கிற கை நாலு மாதத்தில் ஒரு வீட்டை முடிக்காது. முடிக்க நினைத்தால் ராப்பகலாக ஓடும்.

"போதாது. ஒரு வருஷம் வேணும்" என்றேன். அப்புறம் அவனுக்கு மட்டுமாகச் சொன்னேன்: "வெடி சீசன் கடைசியில அவசரப்படுத்தித்தான்யா நம்ம ஊர்ல கையி போகுது. நீ மெதுவாக் கட்டு."

மேடையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவன் ஒரு வருஷம் என்பதை மட்டும் அவர்களிடம் சொன்னான். மற்றதைத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

கொடுத்தார்கள். தார்ப்பாயை எடுத்துவிட்டுப் பலகை அடிக்க வேண்டும், கையெழுத்து ஆகும்வரை உள்ளே யாரும் தங்கக் கூடாது, விளக்கு கூடாது என்ற நிபந்தனையோடு. வெளியே வரும்போது ஹெலன் என் பக்கம் வந்து, தொட்டும் தொடாமலும் என் சேலை ஓரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். இதுதான் படத்தில் காய்ந்த சேலையா என்று கேட்கிறாள் என்றாள் கவிதா. அதேதான். என்னிடம் நல்ல சேலை அது ஒன்றுதான் வெளியில் இருந்தது, மற்றதெல்லாம் பெட்டியில். ஊருக்குப் போகக் கட்டி வைத்தது.

7

அந்த ஞாயிறு பேச்சிக்குப் போன் செய்தேன்.

"ஒரு வருசமா?" என்றாள். "ஏக்கா, அவனுக நாலு மாசம் தாரேன்னும் நீதான் வேண்டாம்னியாக்கும்? வாயே தொறக்காதவ, தொறந்து தொறந்து இதுக்கா தொறந்த?"

"பிள்ள கை போயிரும் பேச்சி."

அதன் பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை. "சாவிய யாருட்ட குடுக்க?" என்றாள்.

எதிர்வீட்டு ராசாத்தியிடம் கொடுக்கச் சொன்னேன். செல்வத்தோடு படித்த பெண். வெள்ளிக்கிழமை திறந்து விளக்கு வைக்கச் சொன்னேன்.

"மாடியில கட்டுன கொடிய அவுத்துட்டேன்க்கா" என்றாள் பேச்சி. "கயிறு நல்ல கயிறு. உனக்குன்னு சுத்தி அடுப்படி ஆணியில மாட்டி வச்சிருக்கேன்."

8

ஒரு வருஷம் ஓடியது. செல்வம் மெதுவாகக் கட்டினான். சுவர்ப்பலகை, தரை, படிக்குக் கைப்பிடி. தார்ப்பாய் போன பிறகு ஹெலன் ஒரு நாள் வேலி வழியே ரோசாப் பூ நாலைந்து வெட்டிக் கொடுத்தாள். நான் தலையில் வைத்துக்கொண்டதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பூச்சாடிக்குக் கொடுத்திருக்கிறாள் போல.

இன்று வந்தவர் அதே தொப்பிக்காரர்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, நெருப்புக்குச்சி உரசுவது போல் விரலை ஆட்டிக் காட்டினார். இப்போது ஏற்றலாம் என்கிறார். ஏற்றினேன். வாளிகளை நித்யா தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. அவர் கேமராவை எடுத்தார், நான் முந்தானையைச் செருகினேன்.

இந்த வீட்டில் இனி எதுவும் பாக்கி இல்லை. ஒரு ஆணித்தலை வெளியே தெரிந்ததைக்கூட அடித்து இறக்கச் சொன்னார் அந்த மனிதர். நல்ல வீடு. கதவைச் சாத்தினால் சத்தமில்லாமல் சாத்துகிறது. அப்படி முழுசாக முடிந்த ஒரு வீட்டுக்குள் நான் இதுவரை இருந்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், பெருக்கின தரையையே மறுபடி பெருக்கினேன்.

செல்வம் வாக்கு மாறவில்லை. மத்தியானம் டிக்கெட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். மாசிக் கடைசியில் புறப்பாடு. பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் இருப்பேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகுதான் கவிதா, "திரும்புறது ஆனிக்குள்ள அத்தை" என்றாள். போக வர இரண்டுக்கும் சேர்த்து எடுத்திருக்கிறான். ரொம்ப நாள் வெளியே இருந்தால், இந்த நாட்டில் இருக்க எனக்குக் கொடுத்த பச்சை அட்டைக்குத் தொல்லையாம். நித்யாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுகிற நேரமாம், ஆள் வேண்டுமாம். அவர்கள் சொல்கிற ஒவ்வொரு காரணமும் நியாயம்தான். ஊரில் நான் இருப்பதற்கும் ஒரு கெடு வந்துவிட்டது.

அவன் மறுபடி வேலைக்குப் போன பிறகு ராசாத்திக்குப் போன் செய்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டது. பங்குனிப் பொங்கலுக்கு வருகிறேன் என்று சொன்னேன்.

"ஏ ராசாத்தி, ஒரு எட்டு மாடிக்கு ஏறிப் பாத்துச் சொல்லுதியா தாயி?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே பூட்டைத் திறந்து ஏறினாள். படியில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"ஏறிட்டேன் பெரியம்மா. என்ன பாக்கணும்?"

"கம்பி."

"அதெல்லாம் குத்துக்கல்லாட்டம் நிக்குது. ரெண்டு மூணு செரட்ட மட்டும் காத்துக்கு விழுந்து கெடக்கு. காக்கா ஒண்ணு ஒக்காந்திருக்கு, என்னைய மொறைக்குது."

"செரட்டைய எடுத்துக் கவுத்திரு தாயி. துருப் பிடிச்சிரும்."

கவிழ்க்கிற சத்தம், சிரட்டை கம்பியில் உரசுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு தூரத்துக்கு அது கேட்டது.

"கவுத்துட்டேன். பொங்கலுக்கு வாரேன்னீகளே, எம்புட்டு நாள் இருப்பீக பெரியம்மா?"

"அவகாசம் கேட்டிருக்கேன்" என்றேன்.

இன்னும் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால், தெரியாத பாஷை பேசுகிற மேடைக்கு முன்னால் நின்று அவனுக்காக ஒரு வருஷம் கேட்டேன். பெற்ற பிள்ளையிடம் எனக்காகக் கேட்க நாக்கு எழவில்லை. இப்போது மணி நாலரை. ஆறு மணிக்கு அவன் கார் வரும். உங்களிடம் இப்படி எழுதிவிட்டதால் இனி பின்வாங்க முடியாது. அவன் கை கால் கழுவி, காப்பி குடித்து முடிக்கட்டும். எழுந்து நின்றுதான் கேட்பேன்.